"சூப்பர்"னு மட்டும் சொல்லாதீங்க மக்களே

படம் வரையற, ஆடற நண்பர்களுக்கு நாம சொல்ற கருத்து ரெண்டே வகைதான். ஒண்ணு, "சூப்பர், கலக்கிட்டீங்க!" இன்னொண்ணு, கிழி கிழின்னு கிழிக்கறது. இதை வச்சிக்கிட்டு அவங்க அடுத்த தடவை எதை மாத்தறது?

இங்க மாண்ட்ரியல் டவுன்டவுன்ல கான்கார்டியா மாதிரி கவின்கலை சொல்லித்தர்ற இடங்கள்ல 'கிரிட்' படிப்போட ஒரு பகுதி. படத்தை மாட்டிட்டு, சுத்தி நின்னு பேசணும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் இதுக்கு நாலு படி வகுத்தார். முதல்ல, மனசுல பதிஞ்சது என்னன்னு பார்த்தவங்க சொல்லணும். அடுத்து, படைச்சவர் கேள்வி கேட்பார். பிறகு, பார்த்தவங்க உள்குத்து இல்லாம கேட்கணும். அபிப்ராயம் கடைசியில்தான், அதுவும் அனுமதி வாங்கிட்டு!

வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு ஒதுக்காதீங்க. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமற விளக்கித்தான் தொல்காப்பியம் அரங்கேறியதுன்னு அதோட பாயிரம் சொல்லுது. கேட்டவர் பேரும் நூலோடயே நிக்குது.

இன்னிக்கு நம்ம பரதநாட்டிய அரங்கேற்றத்துல? பொன்னாடை, பாராட்டுரை, சாப்பாடு. வருஷக்கணக்கா கத்துக்கிட்டு ஆடற பொண்ணுகிட்ட "அந்த அபிநயம் எனக்குப் புரியலம்மா"ன்னு சொல்ல ஆளில்லை. அன்னிக்கே சலங்கையைக் கழட்டி வைக்கறவங்களும் உண்டு. பாராட்டு முடிஞ்சதும் பேச எதுவுமே மிச்சமில்லாட்டி வேற என்ன பண்ணுவாங்க?

படைக்கறவங்க, எதுல சந்தேகம்னு நீங்களே கேளுங்க. பார்க்கறவங்க, கண்ணு எங்க நின்னுச்சு, எங்க குழம்பிச்சுன்னு சொல்லுங்க. அதுக்குப் பெரிய விமர்சகரா இருக்கணும்னு இல்ல. முழுசாப் பார்த்திருந்தாப் போதும்.

என்ன நான் சொல்றது?