ஊர்ப் பெயரில் ஒரு சத்திரம்

பிரான்சின் தென்பகுதியில் கூட்டாளிகளோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நண்பர், ரெட்டியார்சத்திரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கார்க்கசோனின் இரட்டை மதில், ஆர்ல் நகரத்து ரோமானிய அரங்கு என்று கல்லாகவே வந்துகொண்டிருந்தது. எனக்கு மனம் நின்றது வேறோர் இடத்தில். ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று அந்த ஆர்லில்தான் தொடங்குகிறதாம். வழிநெடுக யாத்ரீகர் தங்க அந்தக் காலத்தில் மடங்கள் இருந்தன. 1998இல் அந்தப் பாதைகளையே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் கிடந்ததும் யாத்திரைப் பாதைதான். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலை. தைப்பூசத்துக்கு முன்னால் பச்சை வேட்டிக்காரர்கள் இதே வழியாகக் காவடியோடு நடப்பார்கள். இந்த ஊர் மலைமேல் கோபிநாத சுவாமி இருக்கிறார், ஆனால் ஊருக்குப் பெயர் அவரால் வரவில்லை, சத்திரத்தால் வந்தது. நடந்து களைத்தவனுக்குத் திண்ணை கொடுத்த இடம், ஊராகிவிட்டது. நாங்களோ திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்க்கக் கிளம்பியவர்கள். ஹைதர் அலி, திப்பு என்று பேசிக்கொண்டே வந்து, டீக்காக மட்டும் இங்கே வண்டியை நிறுத்தியவர்கள். “இங்கே பார்க்க என்ன இருக்கு?” என்றார் நண்பர். கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, “எங்கேயிருந்து வர்றீங்க, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.