2% கமிஷன் சட்டம் இல்ல, வெறும் வழக்கம்

1/ வீடு விக்கப் போறீங்களா? புரோக்கருக்கு 2% கொடுத்தே ஆகணும்னு நினைக்கிறீங்களா? தமிழ்நாட்டுல வீட்டுத் தரகுக்கு இத்தனை சதவீதம்னு எந்தச் சட்டமும் சொல்லல. அது வெறும் வழக்கம். அதை மாத்தணும்னுதான் இந்த த்ரெட்.

2/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?" இருக்கு. வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் வீட்டை விக்கிற எல்லாரும் ஆசைப்பட்டு விக்கிறதில்ல. ஆபரேஷன், கேன்சர், டயாலிசிஸ்னு அவசரத்துல விக்கிறவங்களும் இருக்காங்க. அந்தப் பணம் குறைஞ்சா சிகிச்சை குறையும்.

3/ 20 லட்சம் வீட்டுக்கு 2% = 40,000. 40 லட்சம் வீட்டுக்கு 80,000. ரெண்டுக்கும் அதே போன், அதே பைக் பெட்ரோல். வேலை ரெட்டிப்பாகல, கூலி மட்டும் ரெட்டிப்பு. குடல்வால் ஆபரேஷனுக்கு உங்க சொத்து மதிப்புல 2% நான் கேட்டா சும்மா விடுவீங்களா?

4/ "விலை கூடினா அவருக்கும் லாபம், கூட்டித்தானே பேசுவார்?" கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு மாசம் பொறுத்தா உங்களுக்கு 1 லட்சம் கூடுதல்னு வைங்க. அவருக்குக் கூடுறது 2,000. அதுக்கு அவர் ஏன் காத்திருக்கணும்? "வந்த பார்ட்டிய விட்றாதீங்கண்ணே"ங்கிற அறிவுரை இங்க இருந்துதான் வருது.

5/ வாங்குறவர்கிட்டயும் கமிஷன் வாங்குறாங்க. ரெண்டு பக்கமும் காசு வாங்கினா யாருக்காகப் பேசுவார்? நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பி நான் கமிஷன் வாங்கினா, 2002 மருத்துவ ஒழுக்க விதிகள்படி அது தப்பு. "வாங்குற டாக்டர் இல்லையா?" இருக்காங்க. ஆனா அதுக்குப் பேரு தப்பு. வீட்டு விஷயத்துல மட்டும் அதுக்குப் பேரு "வழக்கம்".

6/ 2016 ரெரா சட்டம், பதிவு பெற்ற திட்டங்கள்ல விக்கிற முகவர்கள் பதிவு செய்யணும்னு சொல்லுது. உங்க தாத்தா கட்டின பழைய வீட்டை விக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது.

7/ புரோக்கர் உழைக்கலன்னு நான் சொல்லல. உழைப்புக்குக் கூலி கொடுங்க, சொத்துல பங்கு கொடுக்காதீங்க. "பார்ட்டி கூட்டிட்டு வந்து பத்திரம் முடிஞ்சா இவ்வளவு ரூபாய்"னு முதல்லயே பேசி எழுதிக்கோங்க. அமெரிக்காவுல 5-6% கொடுத்துப் பழகினவங்களே இன்னைக்கு நிலையான கட்டணத்துல விளம்பரம் மட்டும் போட்டு வீடு விக்கிறாங்க. பெங்களூர்ல நோபுரோக்கர் மாதிரி கம்பெனிகள் வளர்ந்ததும் இதே எண்ணத்துலதான்.

8/ மீதி வேலையை நீங்களே பண்ணலாம்:
• வில்லங்கம்: பதிவுத்துறை இணையதளத்துல இலவசமா பார்க்கலாம்.
• பட்டா, சிட்டா: அரசு இணையதளத்துல எடுக்கலாம்.
• மூலப்பத்திரம், வாரிசுச் சான்று: வக்கீல்கிட்ட காட்டுங்க. அவர் வாங்குறது ஃபீஸ், சதவீதம் இல்ல.
• பத்திரம்: உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்.
• பார்ட்டி: வாசல்ல ஒரு போர்டு, சொந்தக்காரங்க வாட்ஸ்அப், ஓஎல்எக்ஸ்.

9/ ரெண்டு எச்சரிக்கை. அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கினவருக்கு. அடுத்து, "பவர் எழுதிக் கொடுங்க, நான் பாத்துக்கிறேன்"னு சொன்னா கையெழுத்துப் போடாதீங்க. விலையும் பேரமும் அவர் கைக்குப் போயிரும்.

10/ சொத்துல வழக்கு, பங்காளிச் சண்டை இருந்தா? அப்பவும் தேவை வக்கீல்தான், புரோக்கர் இல்ல.

11/ சிகிச்சைக்காக விக்கிறவங்களுக்கு: முதல்ல முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல உங்க சிகிச்சை வருதான்னு கேளுங்க. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. வீட்டை விக்கத் தேவையே இல்லாமப் போகலாம்.

12/ அப்படியும் வித்துத்தான் ஆகணும்னா, புரோக்கர்கிட்ட ஒரே வரி சொல்லுங்க: "அண்ணே, சதவீதம் வேணாம். ரூபாயில சொல்லுங்க." ஒத்துக்கலன்னா அடுத்தவரைப் பாருங்க. வீடு உங்களோடது.