ஆகாய விமானமும் எலுமிச்சம்பழமும்

ஆயுத பூஜை வந்துவிட்டால் நமது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் எலுமிச்சம்பழத்திற்கு உண்டாகின்ற கிராக்கி சொல்லி முடியாது. சைக்கிள் முதல் லாரி வரை ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு பழம் நசுங்கியாக வேண்டும். "லாரிக்காரன் படிக்காதவன், தெரியாமல் செய்கிறான்" என்று சமாதானம் சொல்லுகின்ற பெரிய மனிதர்களுக்கு ஒரு கேள்வி. 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, விஜயதசமியன்று, பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அவர்கள் பிரெஞ்சு தேசத்தில் முதல் ரபேல் யுத்த விமானத்தைப் பெற்றுக் கொண்டபோது அதன் மேல் "ஓம்" என்று எழுதி, பூவும் தேங்காயும் வைத்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழமும் வைத்தாரே, அவரும் படிக்காதவர்தானா? ஒரு காலத்தில் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் போதித்தவராயிற்றே!

சக்கரத்தின் கீழ் பார்க்க வேண்டியது ஒன்று உண்டுதான். அது பழமல்ல, தரை.

ஐப்பசி மழையில் முடிச்சூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் புதையுமேயொழிய வேகம் வராது. சைக்கிளானால் இறங்கித் தள்ளிக் கொண்டு போகலாம். சிறு விமானம் என்ன செய்யும்? அது எழும்ப வேண்டுமானால் இன்ன வேகம் வந்தே தீர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. இளகின தரையோ அந்த வேகத்தைத் தின்று விடுகிறது. மைதானம் தீர்ந்து போகிறது. எதிரே மரமோ வேலியோ வந்து விடுகிறது.

இதில் இன்னொரு வஞ்சகமும் இருக்கின்றது. தரைக்கு மிக அருகில் பறக்கும்போது காற்றின் இழுப்புக் குறைவதால் போதாத வேகத்திலும் விமானம் எழும்பி விடும். ஓட்டுகிறவர் "எழும்பி விட்டோம்" என்று சந்தோஷப்பட்டு உடனே மேலே ஏற்றினால், சில அடிகள் ஏறிச் சொத்தென்று விழும். ஆகவேதான் மூக்குச் சக்கரத்தைச் சீக்கிரம் தூக்கு, நடுவில் நிற்காதே, எழும்பிய பின் தரையை ஒட்டியே கொஞ்ச தூரம் போய் வேகம் சேர்த்துக் கொண்டு பிறகு ஏறு என்று மாணாக்கர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது எந்த ரிஷியும் அருளியதல்ல. விழுந்து, எலும்பு முறிந்து, ஏன் விழுந்தோம் என்று யோசித்தவர்கள் கண்டு பிடித்தது. நமது பல்லாவரத்திலேயே 1910-ம் வருஷம் மார்ச்சு மாதம், மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்தி வந்த டி'ஏஞ்சலிஸ் என்பவர் சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு கட்டிய விமானத்தில் பறந்து காட்டினார். அன்று சிமெண்டுப் பாதை ஏது? வெறும் திறந்த வெளிதான்.

இனி, காரணம் தேடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு பெரிய விமானத்தின் கதையைக் கேளுங்கள். 1958 பிப்ரவரி 6-ந் தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கோஷ்டியார் ஏறிய விமானம் மூன்றாம் தடவையாக ஓடிற்று. ஓடுதளத்தின் கோடியில் உருகின பனி சேறு போல் கிடந்தது. 117 நாட் வரை வந்த வேகம் அந்தக் குழம்பில் பட்டதும் 105-க்கு இறங்கிற்று. விமானம் எழும்பவில்லை. வேலியை முறித்துக் கொண்டு போய் ஒரு வீட்டில் மோதிற்று. 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள்.

ஜெர்மன் விசாரணைக்காரர்கள், இறக்கையில் உறைந்த பனியைத் துடைக்காதது தலைமை விமானி ஜேம்ஸ் தெயின் குற்றம் என்று தீர்த்து விட்டார்கள். கம்பெனியும் அவரை வேலையிலிருந்து நீக்கிற்று. அந்த மனிதர் கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்துக் கொண்டே பத்து வருஷம் வழக்காடினார். பனிக்குழம்பு பரப்பிய தளங்களில் விமானங்களை ஓட்டிப் பார்த்துச் சோதனைகள் நடந்தன. 1969-ல் பிரிட்டிஷ் விசாரணை, குற்றம் விமானியுடையதல்ல, தளத்தில் கிடந்த குழம்பே காரணம் என்று சொல்லிற்று. 1975-ல் தமது 53-வது வயதில் அவர் இறந்தார். ஆனால் இன்று விமான நிலையங்களில் ஓடுதளத்தின் மேல் நீரும் பனிக்குழம்பும் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அளந்து விமானிக்குச் சொல்லுகிறார்களே, அதில் அவருடைய பிடிவாதத்திற்கும் பங்குண்டு. "எல்லாம் விதி" என்று அவர் வாயை மூடிக் கொண்டிருந்தால் யார் எதை அளந்திருப்பார்கள்? விதியின் தலையில் போடுவதும் ஒன்றுதான், அகப்பட்ட ஒருவன் தலையில் போடுவதும் ஒன்றுதான். இரண்டிலும் காரணம் தப்பித்துக் கொள்ளுகிறது.

நமது ஊருக்கே வருவோம். 2025 நவம்பர் 14-ந் தேதி தாம்பரத்து விமானப் படையின் பயிற்சி விமானமொன்று திருப்போரூர்ப் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானி குதித்துப் பிழைத்தார். பக்கத்திலேயே பெயர் பெற்ற முருகன் கோயில் இருப்பதால், கந்தன் காப்பாற்றினான் என்று சொல்ல யாருக்காவது ஆசை வரலாம். காப்பாற்றியது, ஆளை வெளியே எறிகின்ற ஆசனமும் பாராசூட்டுந்தான். விமானம் ஏன் விழுந்தது என்று விசாரிக்க உத்தரவு போட்டார்கள். சிவில் விமானம் விழுந்தால் அதன் விசாரணை அறிக்கை அச்சாகி வெளிவருகிறது. படை விமானமானால் ஜனங்களுக்கு அது கிடைப்பது வழக்கமில்லை. யுத்த ரகசியம் எதையும் நாம் கேட்கவில்லை. எஞ்சினா, பறவையா, பழுது பார்த்ததில் குறையா என்ற ஒரு வரிதான் வேண்டும். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் தலைக்கு மேல் நாள்தோறும் அவை பறக்கக் குடியிருக்கின்ற ஜனங்கள், தங்கள் சட்டசபை, பார்லிமெண்டு மெம்பர்களைப் பிடித்து, "காரணம் என்ன?" என்று கேட்கச் சொல்லலாமே! வோட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவர்கள்தானே அவர்கள்?