மண்ணுக்குள் ஒரு மின்சாரக் கேள்வி

மைசூரில் தசரா பொருட்காட்சி நடக்கும் மைதானத்தின் பெயர் தொட்டகெரே. கன்னடத்தில் பெரிய ஏரி என்று பொருள். ஏரி போய் மைதானம் வந்துவிட்டது. பெயர் மட்டும் காட்டிக்கொடுக்கிறது. இப்படிப் பெயரைக்கூட மிச்சம் வைக்காத பள்ளங்களின் மேல் வீடு கட்டுபவர் என்ன செய்வார்?

மின்தடை ஆய்வு ஒரு வழி. போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் அதே முறைதான். நேர்கோட்டில் 4 உலோகக் கம்பிகளை நட்டு, வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் தடை சில பத்து ஓம்-மீட்டர்தான். விரிசலற்ற கடினப் பாறையில் ஆயிரக்கணக்கில். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட, ஆழத்தில் இருப்பது தெரியவரும்.

மண்டி மொஹல்லா போன்ற பழைய பேட்டையில்தான் சிக்கல். 10 மீட்டர் ஆழம் பார்க்கவே 30 முதல் 50 மீட்டர் நீளத்துக்குக் கம்பி நட வேண்டும். தோளோடு தோள் உரசும் கட்டடங்களுக்கு நடுவே அவ்வளவு வெறும் மண்ணுக்கு எங்கே போவது? கிடைத்தாலும், அருகே புதைந்திருக்கும் இரும்புக் குழாய் மின்சாரத்தைத் தன் பக்கம் இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். தவிர, தடை எண் மண்ணின் தாங்குதிறனைச் சொல்லாது. இங்கே பழைய வீட்டை இடித்து நாலு மாடி எழுப்ப நினைப்பவர், அந்தப் பணத்தில் துளையிட்டு மண் மாதிரி எடுத்துப் பார்ப்பதே மேல். ஊருக்கு வெளியே புது லேஅவுட்டுகளில் மின்தடை ஆய்வு நன்றாக உதவும். அங்கேயும் எங்கே துளையிடுவது என்று காட்டத்தான்.