ஆள் விழுவது வானத்தில்... தப்பு நடப்பது தரையில்! கரிசல் காட்டில் பாராமோட்டார் பறக்கலாமா?

அருப்புக்கோட்டை:

முதுகில் ஒரு என்ஜின். தலைக்கு மேலே துணி இறக்கை. பத்து இருபது எட்டு வேகமாக ஓடினால் போதும், ஆள் வானத்தில்!

பாராமோட்டார் என்று சொல்லப்படும் இந்த பறக்கும் கருவியை செல்போன் வீடியோவில் பார்க்காத வாலிபர்கள் இன்று குறைவு. மலை வேண்டாம், ஓடுபாதை வேண்டாம், ஒரு காலி பொட்டல் இருந்தால் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி.

காலி பொட்டலுக்கு நம்ம பக்கம் பஞ்சமா என்ன? அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி வரை கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. குறுக்கே மலை இல்லை. மாடி வீடுகளும் அதிகம் இல்லை. மழையும் கொஞ்சம்தான். இதைவிட தோதான இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாட்டில் இதுவரை நடந்த விபத்துகளைப் பார்த்தால், பலவற்றில் ஆள் விழுந்தது வானத்தில் என்றாலும் தப்பு நடந்தது தரையில். அதுவும் கிளம்புவதற்கு முந்தின 10 நிமிடத்தில்!

பெல்ட் போடாமல் போன உயிர்

2024 பிப்ரவரியில் இமாசலபிரதேச மாநிலம் குலு அருகே தோபியில் பாராகிளைடரில் பறந்த தெலுங்கானா இளம்பெண் கீழே விழுந்து பரிதாபமாக இறந்தார். காற்றும் கெடவில்லை, கருவியும் கெடவில்லை. அந்தப் பெண்ணின் பெல்ட் சரியாகப் பூட்டப்பட்டதா என்று பைலட் பார்க்கவில்லை என்பதே முதல்கட்ட விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். பைலட் கைது செய்யப்பட்டார்.

2023 மார்ச் 7-ந்தேதி கேரள மாநிலம் வர்க்கலா பாபநாசம் கடற்கரையில், கோவையைச் சேர்ந்த பெண்ணும் பயிற்சியாளரும் பறந்த பாராகிளைடர் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தில் சிக்கியது. கம்பத்து உச்சியில் ஊசலாடிய இருவரையும் தீயணைப்பு படையினர் கீழே வலை விரித்து காப்பாற்றினார்கள்.

2020 அக்டோபர் 2-ந்தேதி கர்நாடக மாநிலம் கார்வார் கடற்கரையில் பறந்தது பாராமோட்டார். அது கடலில் விழுந்தது. பயிற்சியாளர் மீட்கப்பட்டார். கூடப் பறந்த கடற்படை கேப்டன் உயிரிழந்தார். கடலையே தொழிலாகக் கொண்டவரையும் தண்ணீர் விடவில்லை.

2025 ஜனவரியில் குலு மாவட்டம் கார்சாவில் 2 பாராகிளைடர்கள் நடுவானில் மோதிக்கொண்டதில் தமிழகத்தில் இருந்து சுற்றுலா போன 28 வயது வாலிபர் பலியானார். அதே மாதத்தில் கோவா கேரி பீடபூமியில் புனே இளம்பெண்ணும் அவரை அழைத்துப் போன பயிற்சியாளரும் இறந்தார்கள்.

பூட்டாத பெல்ட், கம்பம், தண்ணீர். இந்த மூன்றில் ஒன்றுகூட நம்ம காட்டுக்கு அந்நியம் இல்லை.

பாராகிளைடர் வேறு, பாராமோட்டார் வேறு

பாராகிளைடருக்கு என்ஜின் கிடையாது. மலை முகட்டில் இருந்து ஓடிக் குதித்து, காற்றில் மிதந்து இறங்க வேண்டியதுதான். ஏலகிரி, வாகமண் போன்ற மலைகளில் பறப்பது இந்த வகை.

பாராமோட்டாரில் அதே துணி இறக்கையோடு, முதுகில் மாட்டிய 2 ஸ்ட்ரோக் என்ஜினும் விசிறியும் சேரும். மொத்த பாரம் சுமார் 25 முதல் 35 கிலோ. பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதாவது நம்ம ஊர் மொபெட் வேகம்தான்.

முறையாகக் கற்றவர்கள் கையில் இது நல்ல வாகனம்தான். 2016-ல் இந்திய விமானப்படை வீரர்கள் பாராமோட்டாரிலேயே நாட்டைச் சுற்றி 10 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து சாதனை படைத்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் பயிற்சி, வானிலை தகவல், தரையில் உதவிக்கு ஆட்கள் என்று ஒரு பட்டாளமே இருந்தது.

ஆடிக்காற்றும் அக்னி வெயிலும்

பாராமோட்டாருக்கு முதல் எதிரி காற்று. இறக்கையின் வேகமே 40 கிலோமீட்டர் என்றால், எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் அடித்தால் ஆள் அந்தரத்தில் நிற்பார். அதற்கு மேல் அடித்தால் பின்னோக்கிப் போவார். கற்றுக்குட்டிகளுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றே அதிகம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும்போது துணி என்ன ஆகும்? ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கே இருந்து வீசும் காற்று இந்தப் பக்கம் முழுக்க புழுதியை வாரி இறைக்கும். அந்த மாதங்களில் இறக்கையைப் பிரிக்காமல் மூட்டையிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம். இமாசலபிரதேசத்தில் மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்கே தடை போட்டு விடுகிறார்கள். பருவம் பார்த்து பறப்பது அங்கே சட்டம்.

சித்திரை, வைகாசியில் வேறு தலைவலி. காலை 10 மணிக்கெல்லாம் கரிசல் மண் கொதிக்க ஆரம்பித்து விடும். கறுப்பு மண் சூட்டை அதிகம் வாங்கும். அதற்கு மேலே உள்ள காற்று சூடேறி குபுகுபுவென மேலே கிளம்பும். புழுதியையும் சருகையும் சுருட்டிக்கொண்டு போகும் சூறைக்காற்று இதன் குழந்தைதான். அதில் மாட்டினால் இறக்கை ஒரு பக்கம் மடங்கி விடும். நல்ல உயரத்தில் இருந்தால் சமாளிக்கலாம். தரையை ஒட்டி இருந்தால் நேரம் கிடைக்காது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே பறப்பார்கள். காற்றின் திசை பார்க்க பெரிய கருவி வேண்டாம். ஒரு கம்பில் துணிக்கீற்றைக் கட்டி நட்டாலே போதும். அது திசை மாறி மாறி அடித்தால் அன்றைக்கு பறப்பதை ஒத்திவைக்க வேண்டியதுதான்.

வெடிப்பும் முள்ளும் கம்பியும்

அடுத்தது தரை. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 30 கிலோவை முதுகில் சுமந்து ஓடும் ஆள் அந்த வெடிப்பில் காலை விட்டால் கணுக்கால் போச்சு. மழை பெய்த பிறகோ களிமண் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஓடவே விடாது.

சீமைக்கருவேல முள்ளும் அறுத்து விட்ட பருத்திமார் கட்டையும் இறக்கையின் மெல்லிய நூல்களைப் பிடித்து இழுக்கும். துணி கிழியும். கிழிந்தது தெரியாமல் மேலே போனால் அவ்வளவுதான். கிளம்பும் இடத்தை ஒரு முறை நடந்து பார்த்து, கல், முள், கட்டையைப் பொறுக்கிப் போட்ட பிறகே துணியை விரிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட பெரிய எமன் மின்கம்பி. பம்புசெட்டுக்குப் போகும் கம்பி, ஊருக்குள் போகும் கம்பி போக, பெரிய கோபுர லைன்களும் உண்டு. பக்கத்து தாலுகாவான கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு அங்கே உயரழுத்த கம்பிகளும் கூடிவிட்டன. மேலே இருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத்தான் பார்க்க முடியும். 2 கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய்கள் நிரம்பி இருந்தால் கார்வார் பாடத்தை மறக்கக்கூடாது. தண்ணீரில் விழுந்தால் என்ஜின் பாரம் கீழே இழுக்கும், நூல்கள் காலைச் சுற்றும். நீச்சல் தெரிந்தாலும் பயன் இல்லை. என்ஜின் நின்று போனாலும் நல்ல தரைக்கு மிதந்து வர முடிகிற தூரத்தில்தான் எப்போதும் இருக்க வேண்டும். பந்தல்குடி பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்களுக்கு மேலேயும் இதே கதைதான்.

கையை வெட்டும் விசிறி

பாராமோட்டாரில் படுகாயம் அடைபவர்களில் பலர் பறக்கவே இல்லை. தரையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது விசிறியில் கை மாட்டியவர்கள் அவர்கள். திடீரென்று என்ஜின் முழு வேகத்தில் பிடித்தால் அந்த தள்ளுவிசையில் ஆளே சாய்ந்து விடுவார். சுற்றி இருக்கும் வலைக்கூண்டு ஓரளவுதான் காப்பாற்றும்.

எனவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ளாமல் திரும்புகிறதா, என்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பெட்ரோல் கசிவு, விசிறியில் கீறல், கழன்ற நட்டு என்று ஒவ்வொன்றாக தொட்டுப் பார்க்க வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் செல்போன் வயர், சட்டைப் பையில் சாவி எதுவும் கூடாது. பின்னால் போய் விசிறிக்குள் விழுந்தால் கத்தியாகத் திரும்பி வரும்.

நம்ம ஊரில் புதுசாக எது வந்தாலும் கூட்டம் கூடும். சின்னப் பிள்ளைகள் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். விசிறிக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் ஒருத்தரும் நிற்கக்கூடாது. கூட்டத்தை விலக்க தனியாக ஒரு ஆள் இல்லாமல் என்ஜினைத் தொடவே கூடாது.

கிளம்பும் அந்த நிமிடம்

கிளம்பும் முறை இதுதான். எதிர்க்காற்றைப் பார்த்து துணியை அரைவட்டமாக விரிக்க வேண்டும். நூல்களில் சிக்கு இல்லை என்று பார்க்க வேண்டும். ஹெல்மெட், 2 தொடை பெல்ட், மார்பு பெல்ட், இறக்கையை மாட்டும் கொக்கிகள், அவசர பாராசூட்டின் பின் என்று ஒன்று விடாமல் வாய்விட்டுச் சொல்லி சோதிக்க வேண்டும். தொடை பெல்ட்டை மறந்தவர் தரையில் நன்றாகத்தான் நிற்பார். கால் தரையை விட்டதும் நழுவித் தொங்குவார்.

காற்று குறைவாக இருந்தால் முன்னோக்கி ஓடி இறக்கையைத் தூக்க வேண்டும். காற்று கொஞ்சம் இருந்தால் இறக்கையைப் பார்த்தபடி நின்று தூக்கிவிட்டு, பிறகு திரும்பி ஓட வேண்டும். இறக்கை தலைக்கு நேர் மேலே வந்து நின்ற பிறகே முழு ஆக்சிலேட்டர். ஒரு பக்கம் சாய்ந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி விரிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூட்டம் பார்க்கிறதே, வீடியோ ஓடுகிறதே என்று சாய்ந்த இறக்கையோடு இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கால் தூக்கியதும் அவசரமாக உட்காரப் பார்ப்பார்கள். உட்கார்ந்ததும் எடை கீழே இறங்கி, என்ஜினோடு தரையில் மோதுவார்கள். முயற்சியை பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல பைலட்.

யாரிடம் கேட்பது?

காடு சொந்தக் காடாக இருக்கலாம். வானம் சொந்தம் கிடையாது. 1934-ம் ஆண்டு விமான சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. கிளைடரும் பட்டமும்கூட அதன் வரம்புக்குள் வரும். பிறருக்கு ஆபத்து வரும்படி பறந்தால் ஜெயிலுக்கும் வழி உண்டு.

வடக்கே மதுரை விமான நிலையம். மாவட்டம் முழுக்க பட்டாசு ஆலைகள். பெட்ரோல் டேங்கோடு ஒருவர் அந்த கூரைகள் மேல் பறப்பதை யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போலீசாரின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 7-ந்தேதி இஸ்ரேலுக்குள் ஹமாஸ் படையினர் நுழைய பயன்படுத்திய வழிகளில் பாராமோட்டாரும் ஒன்று. டெல்லியில் குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கினாலே பாராமோட்டாருக்கு தடை உத்தரவு வந்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் பறப்பது வீண் வம்பு. மாவட்ட நிர்வாகம், போலீஸ் நிலையம், நிலத்துக்காரர் ஆகியோரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

2018-ல் மத்திய சுற்றுலாத்துறை வெளியிட்ட சாகச சுற்றுலா வழிகாட்டுதல்களில் பாராமோட்டாருக்கும் இடம் உண்டு. 2023-ல் வந்த தமிழக சுற்றுலாக் கொள்கையும் சாகச சுற்றுலாவை வளர்க்கச் சொல்கிறது. ஏட்டில் இருப்பது காட்டில் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். விபத்து நடந்த பிறகு கைது செய்வதைவிட, கிளம்புவதற்கு முன் பெல்ட்டை இழுத்துப் பார்க்கும் ஒரு அதிகாரி ஆயிரம் மடங்கு மேல்.

காசு கொடுத்து ஏறுகிறீர்களா?

சுற்றுலா போன இடத்தில் பாராமோட்டாரிலோ பாராகிளைடரிலோ ஏறுபவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை:

1. ஓட்டுகிறவர் எங்கே பயிற்சி எடுத்தார்? ஆளை ஏற்றிப் பறக்க தனிப் பயிற்சி உண்டா?

2. உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தாள் எங்கே?

3. அவசர பாராசூட் இருக்கிறதா? ஹெல்மெட் அளவு சரியா?

4. தொடை, மார்பு பெல்ட்டுகளை என் கண் முன்னால் இழுத்துக் காட்டுவீர்களா?

5. தண்ணீர் பக்கம் என்றால் மிதவை சட்டை எங்கே?

6. காற்று சரியில்லை என்றால் பணத்தை திருப்பித் தருவீர்களா?

கடைசி கேள்விதான் முக்கியம். பணத்தை திருப்பித் தர மனசு இல்லாதவர், கெட்ட காற்றிலும் கிளம்பத்தான் பார்ப்பார். முகம் சுளித்து பதில் சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

சொந்தமாக கருவி வாங்கும் ஆசையில் இருக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் வித்தை இது இல்லை. முதலில் என்ஜின் இல்லாமல் வெறும் இறக்கையை தரையில் நின்று கட்டுப்படுத்தப் பழகுவார்கள். அதற்கே பல நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் முதுகில் மோட்டார். பைக் ஓட்டக் கற்ற மாதிரி விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால், இதில் விழுந்தவர் எழுவது கஷ்டம்.

வானம் எங்கேயும் போய்விடாது. இன்றைக்கு துணிக்கீற்று சரியாக ஆடவில்லை என்றால் மூட்டையைக் கட்டி வீட்டுக்குப் போய்விட்டு, நாளைக்கு விடியற்காலையில் வந்து பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?