வெறுங்கால் நடை: யாருக்கு மருந்து, யாருக்கு வியாதி?

சிங்கப்பூர் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நம் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போய் வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடக்கிற விழா அது. 1827-ல் நாராயண பிள்ளை என்ற தமிழர் எழுப்பிய கோயில். சுற்றிலும் சீனர் கடைகள், நடுவே நம் கோபுரம். பக்கத்துத் தெருக்களுக்குப் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்று பெயர் வந்ததே இந்தக் கோயிலால்தான். வேண்டுதல் உள்ளவர்கள் சிராங்கூன் ரோட்டுச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்துதான் பூக்குழியில் இறங்குகிறார்கள்.

அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தம்பி கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். தினம் அரை மணி நேரம் புல்தரையில் வெறுங்காலோடு நடந்தால் இனிப்பு நீர் இறங்குமாம், ரத்தக் கொதிப்பு அடங்குமாம், பூமியிலிருந்து ஏதோ மின்சாரம் உள்ளங்கால் வழியாக ஏறி வியாதியை எல்லாம் விரட்டுமாம். "அண்ணே, நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் வெறுங்காலோடதானே நடந்தாங்க, அதனாலதானே நூறு வயசு இருந்தாங்க?" என்று கேட்டான்.

பஸ்ஸில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆட்ட முடியவில்லை. என் பாட்டன் பால்வெட்டுக்காரர். ஒரு நாள்கூடக் காலில் சப்பாத்து ஏறியதில்லை. அவர் ஐம்பதைத் தாண்டவும் இல்லை.

தம்பி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நியாயமாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், வெறுங்காலுக்கு நன்மை கொஞ்சமும் இல்லையா? உண்டு. மங்களூரில் ராவ், ஜோசப் என்ற இரண்டு டாக்டர்கள் 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள். சப்பாத்து, செருப்பு போட்டு வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குப் பாதம் தட்டையாக இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். அதிலும் விரலை மூடுகிற சப்பாத்து போட்டவர்களுக்கே கூடுதல், சிலிப்பர் போட்டவர்களுக்குக் குறைவு. காலில் இருக்கிற சின்னச் சின்னத் தசையெல்லாம் வேலை செய்தால்தான் பாதத்தில் வளைவு எழும்புகிறது. ஆகவே, சின்னப் பிள்ளை வீட்டுத் தரையில் வெறுங்காலோடு ஓடினால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். ஆறு மாதக் குழந்தைக்குப் பெருமைக்குச் சப்பாத்து வாங்கி மாட்டுவதில் பயன் ஒன்றும் இல்லை.

பெரியவர்கள் கதை என்ன? சிங்கப்பூர் அடுக்குமாடிப் பேட்டைகளில் கூழாங்கல் பதித்த பாதைகளைப் பார்த்திருப்பீர்கள். சீனத் தாத்தா பாட்டிகள் காலையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே அதில் நடப்பார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் அறுபது வயது தாண்டிய 108 பேரை வைத்து 2005-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. பதினாறு வாரம் கூழாங்கல் பாயில் நடந்தவர்களுக்கு, சாதாரணமாக நடந்தவர்களைவிட உடல் தடுமாற்றம் குறைந்தது, ரத்த அழுத்தமும் சற்று இறங்கியது. கென்யாவில் செய்த இன்னோர் ஆராய்ச்சி 2019-ல் வந்தது. வெறுங்காலோடு நடந்து நடந்து உள்ளங்கால் தோல் எவ்வளவு தடித்தாலும் தரையை உணர்கிற சக்தி மழுங்குவதில்லை என்று அது காட்டியது. நம் ஆயாமார் காலைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை!

ஆனால் மண்ணிலிருந்து மின்சாரம் ஏறி வியாதி போகும் என்கிறார்களே, அதற்கு உருப்படியான சான்று இல்லை. நடந்திருப்பதெல்லாம் சிறு சிறு சோதனைகள். அவற்றில் சிலவற்றை எழுதியவர்களுக்கே, அதற்கென்று பாய் விற்கிற கம்பெனியில் பங்கு இருந்தது. இனிப்பு நீருக்கு நடை நல்லது என்பது உண்மை. நடைதான் நல்லது. வெறுங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சப்பாத்து போட்டு நடந்தாலும் அதே பலன்தான்.

இனி பாட்டன் கதைக்கு வருகிறேன். புல்தரையும் கூழாங்கல்லும் வேறு, தோட்டத்து மண் வேறு.

1898-ல் கெய்ரோ நகரத்தில் லூஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர், கொக்கிப் புழுவின் குஞ்சுகள் இருந்த தண்ணீரைத் தவறிப்போய்த் தன் கையில் சிந்திவிட்டார். கை அரித்தது. சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே புழுவின் முட்டை தெரிந்தது. வாய் வழியாகத்தான் புழு வரும் என்று இருந்த காலத்தில், தோலைத் துளைத்துக்கொண்டும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அது வேலை செய்கிற விதம் இதுதான்: புழு உள்ளவர் மரத்தடியில் ஒதுங்குகிறார். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டை பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, அடுத்த வாரம் அந்த வழியே வெறுங்காலோடு நடக்கிறவரின் விரலிடுக்கில் நுழைகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் போய்க் கவ்விக்கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். நூறு இருநூறு புழு சேர்ந்து, வருஷக்கணக்கில், நாள் தவறாமல் ரத்தம் குடித்தால் மனுஷன் என்ன ஆவான்?

ஈரம், நிழல், கதகதப்பு, கக்கூஸ் இல்லாத லயம், வெறுங்கால். ரப்பர் தோட்டத்தைத் தவிர இதற்குத் தோதான இடம் வேறு உண்டா? அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனம் 1915-ல் டார்லிங் என்ற டாக்டரின் தலைமையில் ஒரு குழுவை மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் பீஜித் தீவுக்கும் அனுப்பியது, கொக்கிப் புழுவை ஆராய்வதற்காகவே. மூன்றும் தோட்டத் தொழிலாளர் நிறைந்த இடங்கள் என்பதைக் கவனியுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் அதே காலத்தில் அந்த நிறுவனம் புழு மருந்து கொடுக்கத் தொடங்கியது.

முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நிரையில் பாதி மரம் வெட்டியதும் உட்கார்ந்துவிடுகிற ஆளைப் பார்த்துக் கங்காணியும் கிராணியும் சொன்ன வார்த்தை என்ன? "சோம்பேறி." எங்கள் பாட்டிக்கு அந்த வார்த்தை கடைசிவரை ஆறவில்லை. "உன் தாத்தா சோம்பேறி இல்லடா, அவருக்கு ரத்தம் இல்ல" என்பாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் டாக்டர்கள் எழுதி வைத்த உண்மையைத்தான் சொன்னாள்.

நம் முன்னோர் ஆரோக்கியத்துக்காக வெறுங்காலோடு நடக்கவில்லை. வாங்கக் காசு இல்லாமல் நடந்தார்கள். சில இடங்களில், வாங்கினாலும் போடக் கூடாது என்பதனால் நடந்தார்கள். சைனாடவுன் ஓரத்தில், நீல் ரோடும் தஞ்சோங் பகார் ரோடும் சேரும் முக்கில், 1903-ல் கட்டிய ரிக்‌ஷா நிலையம் இன்னும் நிற்கிறது. அங்கே வந்து பதிந்துகொண்ட சீனத் தொழிலாளிகளும் வெறுங்காலோடு ரோட்டில் ஓடி ஆளை இழுத்தவர்கள்தான். தமிழ்நாட்டில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், தாழ்த்தப்பட்ட மக்கள் அறுபது பேர் செருப்புப் போட்டு ஒரு தெரு வழியே நடந்தது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில். அதுவரை அந்தத் தெருவில் அவர்கள் காலில் செருப்பு ஏற முடியவில்லை. நம் நாட்டிலேயே, 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக விட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சம்பளத்தோடு மரியாதையையும் சேர்த்துக் கேட்டார்கள்.

பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று சிலர் கேட்கக் கூடும். இப்போது கக்கூஸ் வந்துவிட்டது, புழு மாத்திரை வந்துவிட்டது. உண்மைதான். ஆனால் புழு போன இடத்தில் இனிப்பு நீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இந்த வியாதி. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல்.

இனிப்பு நீர் முதலில் திருடுவது காலின் உணர்ச்சியை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற மண்டோர், வருஷா வருஷம் அந்த நாலு கிலோமீட்டரும் நடப்பார். ஒரு வருஷம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாகப் போனது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. "வலிக்கவே இல்ல தம்பி, ஆத்தா அருள்னு நெனச்சேன்" என்றார். மஞ்சளை வைத்துக் கட்டினார். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

அம்மன் மேல் அவருக்கிருந்த பக்தியை நான் குறை சொல்லவில்லை. நானும் போகிறவன்தான். ஆனால் வலி தெரியாமல் போனது அருளால் அல்ல, செத்துப்போன நரம்பால். இனிப்பு நீர் உள்ளவர்கள் காப்பு கட்டும் முன்னால் அரசாங்கக் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாலைந்து நிமிஷ வேலை. தொட்டது தெரியவில்லை என்றால், வெறுங்கால் நடை உங்களுக்கு இல்லை. ரோட்டிலும் இல்லை, புல்லிலும் இல்லை, வீட்டு வாசலிலும் இல்லை. வேண்டுதலை எப்படி மாற்றிச் செய்வது என்று கோயிலில் பெரியவர்களைக் கேளுங்கள். பால்குடம் இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது.

நம் மண்ணிலும் சேற்றிலும் வேறு வினைகளும் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் சின்னச் சிராய்ப்பு வழியே ஏறினால் எலிக்காய்ச்சல். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு ஜன்னி. மெலியாய்டோசிஸ் என்று இன்னொன்று, ஈர மண்ணில் வாழ்கிற கிருமியால் வருவது. 1911, 1912 வாக்கில் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இருவர் கண்டு சொன்னது. இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அது குறி வைத்துப் பிடிக்கிறது. மழைக் காலத்தில் காட்டு வேலை, கால்வாய் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். செம்பனையில் மட்டை இழுக்கிறவர்களுக்கு முள்ளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, முழங்கால் வரை வருகிற ரப்பர் சப்பாத்து ஆடம்பரம் இல்லை. கவ்வாத்துக் கத்தி, வெட்டுக் கத்தி மாதிரி அதுவும் ஒரு வேலைச் சாமான். இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சில தோட்டங்களில் சப்பாத்தைக் கொடுத்துவிட்டு மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் "பொருள்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பெண்களுக்கு அளவுச் சப்பாத்து இல்லை என்று ஆண்களுடையதைக் கொடுக்க, அதில் கால் வழுக்கி, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு பழப்பொறுக்கு வேலை பார்க்கிற அக்காமாரையும் பார்த்திருக்கிறேன்.

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை, இது 15-ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படி கொடுக்கிற எந்தச் சாமானுக்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது, இது 26-ஆம் பிரிவு. பாதுகாப்புப் பற்றி முறையிட்ட காரணத்துக்காக ஒருவரை வேலை நீக்கவோ பழிவாங்கவோ கூடாது, இது 27-ஆம் பிரிவு. நமக்கும் ஒரு கடமை போட்டிருக்கிறது. கொடுத்த சப்பாத்தைப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. புழுங்குகிறது, கனமாக இருக்கிறது என்று மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு முள் குத்தியபின் ஓடி வந்தால், சங்கத்தின் வாயையும் சேர்த்து அடைத்தது மாதிரி ஆகிவிடும்.

வேலையில் காலில் அடிபட்டால் பெர்கேசோவுக்குப் புகார் போக வேண்டும். "சின்னக் காயம்தானே" என்று டிரசர் மருந்து போட்டு அனுப்பினாலும், தேதியையும் இடத்தையும் பார்த்த ஆளின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இனிப்பு நீர்க்காரரின் சின்னக் காயம் எத்தனை நாளில் பெரிசாகும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தம்பிக்கு பஸ்ஸில் இவ்வளவையும் சொல்லி முடிக்க முடியவில்லை. பாலம் தாண்டி இறங்கும்போது, "அப்ப நான் புல்லுல நடக்கலாமா, கூடாதாண்ணே?" என்றுதான் கேட்டான். நட தம்பி. இருபத்து மூன்று வயது, காலில் உணர்ச்சி இருக்கிறது, திடலில் நாய் அசிங்கமும் கண்ணாடியும் இல்லாத இடமாகப் பார்த்து நட. காலைப் பெரட்டுக்கு வரும்போது மட்டும் சப்பாத்தோடு வா. அதற்குப் பிடித்த காசு சம்பளச் சீட்டில் இருந்தால் சீட்டைக் கிழிக்காமல் கொண்டு வந்து கிளைச் செயலாளரிடம் கொடு.