கொள்ளை நோயும் பந்தய மைதானமும்

கொள்ளை நோய் பரவியிருக்கும் காலத்தில் விளையாட்டுப் பந்தயங்களை நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு, தக்க ஏற்பாட்டுடன் நடத்தலாம் என்பதே நமது பதில். ஆனால் அந்த ஏற்பாடு யாருக்கு என்பதையும் உடனே கேட்க வேண்டியிருக்கிறது.

2020ம் வருஷம் மார்ச்சுக் கடைசியில் கொரோனாவை முன்னிட்டுத் தேசமெங்கும் மைதானங்கள் பூட்டப்பட்டன. செப்டம்பர் 19-ந் தேதி ஐ.பி.எல். கிரிக்கெட் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆரம்பித்து விக்கினமின்றி முடிந்தது. அங்கே மூன்றே நகரங்கள். மோட்டாரில் போய்வரும் தூரம். ஆட்டக்காரர்கள் வெளியாருடன் கலவாமல் தங்கினார்கள். ஐந்து நாளுக்கொரு முறை அவர்களுக்குப் பரிசோதனை. ஐ.எஸ்.எல். கால்பந்தும் அவ்வருஷம் கோவாவை விட்டு நகரவில்லை. 2021ல் அதே ஐ.பி.எல். ஏப்ரல் 9-ந் தேதி சேப்பாக்கத்தில் ஆரம்பித்தது. ஆறு நகரங்களுக்கு விமானத்தில் அலைந்து நடத்துவது திட்டம். பிராணவாயு கிடைக்காமல் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த அந்நாட்களில், ஆட்டக்காரர்களுக்கும் நோய் கண்டு, 60 பந்தயங்களில் 29 முடிந்த நிலையில், மே 4-ந் தேதி எல்லாம் நின்றது. பிறகு நமது டி.என்.பி.எல். சேப்பாக்கம் ஒன்றிலேயே, ஜனங்களை அனுமதியாமல், ஆகஸ்டு 15-ந் தேதி முடிந்தது. ஓரிடத்தில் நிலைத்து ஆடினால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சேப்பாக்கத்திலிருந்து இராயபுரம் நாலைந்து மைல்தான். 2020 மே மாதத்தில் சென்னையிலேயே அதிகம் பேருக்கு நோய் கண்டது இராயபுரம் மண்டலத்தில். காற்றோட்டமில்லாத ஒற்றை அறை வீடுகளில் விலகி நிற்பதெங்கே? துறைமுகம் அத்தியாவசிய சேவையாகையால் கப்பல் வேலை நிற்கவில்லை. எண்ணூரில் நிலக்கரி இறங்காவிட்டால் விளக்கெரியாது. அத்தொழிலாளிக்கு ஐந்து நாளுக்கொரு பரிசோதனை யார் செய்தார்கள்?

அவன் பிள்ளை குத்துச்சண்டையோ கால்பந்தோ பழகுபவன். அவனுக்கு விளையாட்டு பொழுதுபோக்கல்ல. ரயில்வேயிலோ வேறு ஸ்தாபனத்திலோ வேலைக்கு வழி. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு 25. மைதானம் மூடிய வருஷம் அவனுக்குத் திரும்பி வருவதில்லை. சீமான்களின் பந்தயத்துக்குக் கதவு திறந்தபோது திருவொற்றியூர்ப் பையனைக் கடைசி வரிசையில் நிறுத்தியது நியாயமாகாது.

அவனுக்கு ஹோட்டல் வாசம் கேட்கிறோமென்று யாரும் பரிகசிக்க வேண்டாம். இந்நோய் அடைத்த அறைகளில்தான் அதிகம் பரவுவது. ஆகவே குத்துச்சண்டைக் கூடத்தையும் காரம் மன்றத்தையும் வெளி மைதானத்தோடு ஒன்றாக வைத்து உத்தரவிடுவது தவறு. கால்பந்தாட்டக்காரர் சிறு குழுக்களாகத் திறந்த வெளியில் பழகலாம். குத்துச்சண்டைக்காரர் மாறாத ஒரே ஜோடியுடன் பழகட்டும். வாராவாரம் இலவசப் பரிசோதனையும், நோய் கண்டு ஒதுங்கும் நாட்களுக்குப் படியும் வேண்டும். படியில்லையென்றால் நோயை மறைப்பார்கள். வயிறு சும்மா இருக்குமா?

இதற்குப் பணம் எங்கே என்பார்கள். ஊரடங்கு உத்தரவுகள் 2005ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி பிறந்தவை. அனுமதி கொடுக்கும் சர்க்கார் நிபந்தனையும் விதிக்கலாம். கோடிக்கணக்கில் ஒளிபரப்பு வருமானம் பெறும் பந்தயத்துக்கு அனுமதி தரும்போதே, அதில் ஒரு பங்கு உள்ளூர் மன்றங்களின் வைத்தியச் செலவுக்கென்று எழுதி வாங்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தார் அடுத்த நோய்க்குக் காத்திராமல் இந்த விதிகளை இப்பொழுதே தயாரித்துப் பிரசுரிக்கட்டும். ரயில்வே அதிகாரிகளும் மைதானங்கள் சர்க்கார் உத்தரவால் மூடிக்கிடக்கும் மாதங்களை வயதுக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டும்.